'வங்கத்தின் பிங்க் ஃபிளாய்ட்' என்னும் பிழை

கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள கிடர்பூருக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது துறைமுகம். 1892இல் திறக்கப்பட்ட கிடர்பூர்க் கப்பல்துறை வழியாக வெளிநாட்டுச் சரக்குகள் நகருக்குள் வந்தன. அங்குள்ள ஃபேன்சி மார்க்கெட், இறக்குமதிப் பொருள்களுக்காக வங்கம் முழுவதும் பேர்பெற்றது. இரண்டாவது அடையாளம் கவிதை. மைக்கேல் மதுசூதன் தத், ரங்கலால் பந்தோபாத்யாய், ஹேமசந்திர பந்தோபாத்யாய் ஆகிய மூன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர்களின் வாழ்வோடு தொடர்புடைய இடம் என்பதால், அப்பகுதிக்குக் 'கவிதீர்த்தம்' என்ற பெயரும் வழங்குகிறது. சரக்கு இறங்கும் இடமும் கவிதை எழுந்த இடமும் ஒன்றே என்பதை ஆய்வுலகம் அரிதாகவே சேர்த்து வாசிக்கிறது. அவ்வாறு சேர்த்து வாசிக்கும் பழக்கம் இருந்திருந்தால், 1977இல் கொல்கத்தாவில் வெளியான ஓர் இசைத்தட்டைப் பற்றிய பெரும்பிழை ஒன்று இத்தனை காலம் நிலைத்திருக்காது.

அந்த இசைத்தட்டின் பெயர் 'சங்பிக்ன பாக்கிகுல் ஓ கல்காத்தா பிஷயக்'. அதை வெளியிட்ட குழு 'மொஹினேர் கோடாகுலி', அதாவது 'மொஹீனின் குதிரைகள்'. கௌதம் சட்டோபாத்யாய், அவருடைய தம்பியர் பிரதீப், விஸ்வநாத், உறவினர் ரஞ்சன் கோஷால், நண்பர்கள் தாபஸ் தாஸ், தாபேஷ் பந்தோபாத்யாய், ஆபிரகாம் மஜூம்தார் ஆகியோர் 1970களின் நடுவில் உருவாக்கிய குழு இது. 1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டுவிட்டு, 1980களின் தொடக்கத்தில் குழு கலைந்தது. கித்தார், டிரம்ஸ், வயலின், சாக்சஃபோன், புல்லாங்குழல் ஆகியவற்றோடு பாவுல் பாடல்களின் மரபையும் இணைத்த இந்தக் குழுவை இந்தியாவின் முதல் ராக் குழுக்களில் ஒன்றாக இசை எழுத்தாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். இக்குழுவை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் 'வங்கத்தின் பிங்க் ஃபிளாய்ட்' என்ற தொடரையே நாடுகின்றனர். ஆய்வுக் கருத்தரங்குகளிலும் அத்தொடர் இப்போது புழங்கத் தொடங்கிவிட்டது. பாராட்டாகச் சொல்லப்படும் இத்தொடர், இக்குழு செய்த மிக முக்கியமான காரியத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஒப்பீட்டின் ஒரு முனையை முதலில் பார்க்கலாம். பிங்க் ஃபிளாய்டின் திருப்புமுனை 1973 மார்ச்சில் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. அது அக்குழுவின் எட்டாவது தொகுப்பு. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 1973க்கும் 1988க்கும் இடையே 741 வாரங்கள் இடம்பெற்றது. இங்கே 'திருப்புமுனை' என்ற சொல்லுக்குப் பொருள் தெளிவாக உள்ளது. முன்பே இயங்கிக்கொண்டிருந்த ஒரு குழு, முன்பே இருந்த ஒரு சந்தையில், முன்பே அம்மொழியில் ராக் கேட்டுப் பழகிய செவிகளைப் பெருமளவில் சென்றடைந்தது. ஆங்கிலத்தில் ராக் பாட முடியுமா என்ற கேள்வி 1973இல் எவருக்கும் எழவில்லை. நீண்ட பாடல்வடிவங்கள், ஒரே கருவைச் சுற்றித் தொகுப்பு முழுவதையும் கட்டும் முறை, ஒலிப்பதிவுக்கூடத்தையே கருவியாக்கும் உத்தி எனப் புரோகிரசிவ் ராக் செய்த புதுமைகள் யாவும் ஒலியமைப்பைச் சார்ந்தவை. மொழி அங்கே சிக்கலாகவே இருக்கவில்லை.

கொல்கத்தாவில் நிலைமை தலைகீழாக இருந்தது. அங்கே ஒலி சிக்கலாக இல்லை, மொழிதான் சிக்கல். 1960களிலேயே பார்க் தெருவின் உணவகங்களிலும் இரவு விடுதிகளிலும் மேலைநாட்டு இசை நாள்தோறும் ஒலித்தது. கௌதம் சட்டோபாத்யாயே மாணவப் பருவத்தில் 'தி அர்ஜ்' என்ற குழுவோடு அங்கே வாசித்தவர். மின்கித்தாரைக் கண்டு அதிர்ச்சியடையும் நிலையில் அந்நகரம் இல்லை. வங்கமொழிப் பாடலுக்குள் மேற்கத்திய இசையமைப்பும் முன்பே வந்துவிட்டது. இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வழி வந்த சலில் சௌதுரி, மேலைச் செவ்வியல் இசையின் ஒத்திசைவை வங்கப் பாடல்களில் தேர்ச்சியோடு கையாண்டிருந்தார். ஆகவே, மேற்கின் இசையை வங்கத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகள் என்று மொஹினேர் கோடாகுலியைப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

அந்நகரில் நிலவியது ஓர் எழுதப்படாத பாகப்பிரிவினை. கித்தாருக்கு ஆங்கிலம், ஹார்மோனியத்துக்கு வங்கமொழி. பார்க் தெருவில் மேடையேறுபவர் ஆங்கிலத்தில் பாடுவார். வங்கமொழியில் பாடுபவர் ரவீந்திர சங்கீதத்தின் நெறியிலோ, 'ஆதுனிக் கான்' எனப்பட்ட மெல்லிசையின் நெறியிலோ, திரைப்படப் பாடலின் நெறியிலோ பாடுவார். சமூகமொழியியலில் 'பயன்பாட்டுக் களம்' என்று ஒரு கருத்து உண்டு. இருமொழிச் சமூகத்தில் எந்த மொழி எந்தச் சூழலுக்கு உரியது என்பதை யாரும் சட்டமாக இயற்றுவதில்லை. ஆயினும் அது மீறப்படும்போது ஏற்படும் கூச்சமும் சிரிப்பும் எரிச்சலும் அச்சட்டத்தின் இருப்பைக் காட்டிக்கொடுக்கும். 1977இன் இசைத்தட்டு உடைத்தது இந்த வேலியைத்தான். அன்றாட நகர வாழ்வின் வங்கமொழி, அதன் அலுப்போடும் கேலியோடும் கித்தாரின் அருகில் வந்து நின்றது. அந்தச் சேர்க்கையே பலருக்குப் பொறுக்கவில்லை.

இம்மீறல் தற்செயலாக நிகழ்ந்ததன்று. குழுவின் பெயரையும் இசைத்தட்டின் பெயரையும் கவனித்தாலே அது விளங்கும். 'மொஹீனின் குதிரைகள்' என்பது ஜீவனானந்த தாஸின் 'கோடா' என்ற கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கவிதை இடம்பெற்ற 'சாத்டி தாரார் திமிர்' தொகுப்பு 1948இல் வெளியானது. வங்கமொழியில் பன்மையைக் குறிக்கும் ஈறுகளில் 'குலோ' என்பது பேச்சுநடைக்கு உரியது. 'குலி' எழுத்துநடையின் சாயல் கொண்டது. ஒரு ராக் குழு 'குலி' என்ற ஈற்றோடு தனக்குப் பெயர் சூட்டிக்கொள்ளும்போது, மேடையிலும் புத்தகத்தின் வாசனையை விட்டுவிடவில்லை என்று பொருள்.

இசைத்தட்டின் பெயர் இன்னும் நுட்பமானது. 'சங்பிக்ன' என்பது கலக்கமுற்ற என்ற பொருள்தரும் வடசொல். 'பாக்கி' என்பது பறவையைக் குறிக்கும் எளிய வழக்குச்சொல். 'குல்' மீண்டும் வடசொல். 'பிஷயக்' என்பது 'பற்றியது' என்று பொருள்படும்; ஆய்வுநூல்களின் தலைப்புகளில் காணப்படும் இறுக்கமான சொல் அது. தமிழில் சொல்வதென்றால் 'கலக்கமுற்ற பறவையினமும் கொல்கத்தாவும் பற்றியன' என்பது போன்றது. ஒரு பாடல் தொகுப்புக்கு ஓர் ஆய்வேட்டின் தலைப்பை இட்டிருக்கிறார்கள். அதில் கேலி உண்டு. அந்தக் கேலிக்குள் ஓர் உரிமைக்கோரிக்கையும் உண்டு: வங்கமொழியின் எல்லா அடுக்குகளும் இந்த இசைக்குச் சொந்தம் என்பதே அது. அக்குழுவின் இன்னொரு பாடலின் பெயர் 'மெருன் சந்தியாலோக்'. ஆங்கிலவழி வந்த ஒரு வண்ணப்பெயர், அந்தியொளியைக் குறிக்கும் வடமொழித் தொகையோடு எவ்விதத் தயக்கமுமின்றிச் சேர்ந்து நிற்கிறது.

'ஹாய் பாலோபாசி' என்ற பாடல் இதற்கு இன்னும் நல்ல சான்று. பாடுபவர் தாம் விரும்பும் பொருள்களை அடுக்கிக்கொண்டே போகிறார். பிகாசோ, புனுவல், தான்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன் ஆகிய பெயர்கள் வரிசையாக வருகின்றன; பின்னர் ரவிசங்கரும் அலி அக்பரும் வருகின்றனர். மேலோட்டமாகக் கேட்பவருக்கு இது நடுத்தர வர்க்க இளைஞரின் ரசனைப் பட்டியலாகத் தோன்றலாம். ஆனால் அப்பட்டியல் கட்டப்பட்டுள்ள முறை வேறொன்றைச் சொல்கிறது. இத்தாலியக் கவிஞர் தான்தேயின் பெயர், 'கேட்க' என்ற பொருள்தரும் 'ஷுன்தே' என்ற வங்க வினையெச்சத்தோடு இயைபுத் தொடையாக அமைகிறது. உலகக் கவிஞர் ஒருவரின் பெயர், வங்க இலக்கணத்தின் மிகச் சாதாரணமான ஈறு ஒன்றுக்கு அடங்கி ஒலிக்கிறது. வெளிப்பெயர் மொழிக்குள் வந்து அதன் விதிக்குக் கட்டுப்படுகிறது. போலச்செய்வதற்கும் தன்வயமாக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓரிடமே காட்டிவிடுகிறது.

பாடல் அங்கே முடிந்துவிடுவதில்லை. இவ்வளவு பிடித்திருந்தும் எதுவுமே பிடிக்காமல் போவதேன் என்ற கேள்வி எழுகிறது. கிராமங்களிலும் துறைமுகங்களிலும் உழைப்பவர்களைக் காணும்போது, வியர்வை சிந்தி விளைவிப்பவர்களை நினைக்கும்போது, அந்த இன்பப் பட்டியல் முழுவதும் சுவையற்றுப் போகிறது. நல்ல நாள் வரட்டும், அப்போது எல்லாவற்றையும் சேர்ந்து நேசிப்போம் என்ற விழைவோடு பாடல் நிறைகிறது. இங்கே 'துறைமுகம்' என்ற சொல்லைக் கொல்கத்தாவின் செவிகளோடு கேட்க வேண்டும். பீட்டில்ஸும் டிலனும் இசைத்தட்டு வடிவில் அந்நகரை எட்டிய பாதைகளுள் கப்பல் பாதையும் ஒன்று. கிடர்பூர் போன்ற கப்பல்துறைகளில் மூட்டை சுமந்தவர்கள், அந்தப் பெட்டிகளில் இருந்ததைக் கேட்டு மகிழும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். ரசனையின் பட்டியலும் அதைச் சாத்தியமாக்கிய உழைப்பும் ஒரே பாடலில் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறைசென்றவர் கௌதம். விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளை வங்கத்துக்கு வெளியே கழித்துத் திரும்பியவர். அவசரநிலை விலக்கப்பட்டு, இடது முன்னணி ஆட்சிக்கு வந்த அதே 1977இல்தான் இந்த இசைத்தட்டு வெளிவந்தது. இப்பின்புலத்தை நீக்கிவிட்டு 'பிங்க் ஃபிளாய்ட்' என்று பெயரிடுபவர், பாடலின் முதற்பாதியை மட்டுமே கேட்டவராகிறார்.

மொழியமைப்பு இச்சேர்க்கைக்கு எவ்வளவு இடந்தந்தது என்பது மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி. வங்க எழுத்தில் குறில் நெடில் வரிவடிவங்கள் இருந்தாலும், ஒலிப்பில் உயிரின் நீளம் பொருளை வேறுபடுத்துவதில்லை. பாடகர் ஓர் உயிரை விரும்பிய அளவுக்கு நீட்டலாம், சொல் சிதையாது. சொல்லழுத்தம் பெரும்பாலும் முதலசையில், அதுவும் மென்மையாகவே விழுகிறது. வங்க நாட்டார் பாடல்களிலும் குழந்தைப் பாடல்களிலும் வழங்கும் யாப்பு, சீருக்கு நான்கு அசையும் சீர்த்தொடக்கத்தில் அழுத்தமும் உடையது. நான்கு தட்டுகளில் நடக்கும் ராக் தாளத்துக்கு உகந்த ஒரு கட்டமைப்பு, தாலாட்டிலும் விளையாட்டுப் பாட்டிலும் முன்பே இருந்திருக்கிறது என்று இதிலிருந்து கருத இடமுண்டு. தமிழின் நிலை வேறு. 'கல்' நீண்டால் 'கால்' ஆகிவிடும். 'படு' நீண்டால் 'பாடு' ஆகிவிடும். இருந்தும் இசையில் எழுத்துகள் தம் மாத்திரை கடந்து ஒலிப்பதுண்டு என்பதைத் தொல்காப்பியத்தின் நூன்மரபே ஒப்புக்கொள்கிறது. ஒவ்வொரு மொழியும் ராக் இசையை வேறுவேறு வாயிலில் சந்திக்கிறது. இந்தச் சந்திப்பைப் பற்றிய ஆய்வுக்கு 'யாரைப்போல் இருக்கிறது' என்ற கேள்வி சிறிதும் உதவாது.

இக்கட்டுரை கிடர்பூரில் தொடங்கியதற்கு வலுவான காரணம் மதுசூதன் தத். கிடர்பூரில் தந்தையின் வீட்டில் வளர்ந்த அவர் முதலில் ஆங்கிலக் கவியாகவே புகழடைய விரும்பினார். 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்தார். 'தி கேப்டிவ் லேடி' என்ற அவருடைய ஆங்கிலக் காவியம் 1849இல் சென்னையில்தான் வெளியானது. கொல்கத்தா திரும்பியபின் வங்கமொழிக்கு வந்தார். மில்டனிடம் கற்ற, அடியிறுதி இயைபற்ற யாப்பை வங்கமொழியின் பதினான்கு எழுத்தடிக்குள் பொருத்தி, 1861இல் 'மேகநாதவத காவியம்' படைத்தார். 'வங்கத்தின் மில்டன்' என்று அவரையும் அழைத்தார்கள். இன்று அவரைப் பயில்பவர் எவரும் அப்பட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. மில்டனிடமிருந்து வந்தது யாப்பின் ஓர் இயல்பு மட்டுமே என்பதும், இந்திரசித்தை நாயகனாக்கிய துணிவும் வங்க அடியைத் திறந்துவிட்ட திறனும் அவருடையவை என்பதும் இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன. கவிதைக்கு வழங்கிய அந்த நீதியை இசைக்கு வழங்க மட்டும் ஏன் தயக்கம்? இறக்குமதியான வடிவம் ஒன்றை உள்ளூர் மொழி எவ்வாறு வளைத்தது என்பதை அளக்கும் கருவிகள் கல்விப்புலத்தில் 1861இன் காவியத்துக்கு இருக்கின்றன. 1977இன் இசைத்தட்டுக்கு இல்லாததுபோல் பலரும் நடந்துகொள்கின்றனர்.

இக்குழுவைப் பற்றி வழங்கும் இன்னொரு தேய்வழக்கு 'காலத்தை முந்திப் பிறந்தவர்கள்' என்பது. இசைத்தட்டுகள் அன்று பரவலான வரவேற்பைப் பெறவில்லை என்ற உண்மைக்கு இத்தொடர் எளிய விளக்கமாகப் பயன்படுகிறது. உண்மையில் அக்குழு தன் காலத்துக்கு முழுக்கவும் உரியதாகவே இருந்தது. தோற்ற ஓர் எழுச்சியின் களைப்பு, சுருங்கிவரும் நகரம், படித்த இளைஞர்களின் வெறுமை ஆகியவை 1977க்கே உரியவை. பின்தங்கியிருந்தது அவற்றை அந்த மொழியில், அந்த இசையில் கேட்கும் பழக்கம். பழக்கம் உருவாக நேரமும் ஊடகமும் வேண்டியிருந்தன. 1992இல் சுமன் சட்டோபாத்யாயின் 'தோமாகே சாய்' வெளியாகி, அன்றாட நகர வங்கமொழியைப் பாடலில் கேட்கும் பெருங்கூட்டத்தை உருவாக்கியது. அதற்குள் விலை மலிந்த கேசட், இசைத்தட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

1995இல் கௌதம் 'ஆபார் பொச்சொர் குடி பொரே' என்ற தொகுப்பை வெளிக்கொணர்ந்தார். 'மீண்டும் இருபதாண்டுகள் கழிந்தபின்' என்று பொருள்படும் இத்தலைப்பும் ஜீவனானந்தரின் கவிதையிலிருந்தே வந்தது. இத்தொகுப்பே குழுவின் பெயரை ஒரு புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது. இதில் பாடியவர்கள் பெரும்பாலும் இளைய பாடகர்களும் குழுக்களும்தான். கௌதம் தம்மைக் குறித்துக்கொண்ட சொல் 'சம்பாதனா', அதாவது பதிப்பு. பாடல் தொகுப்பை ஒரு சிற்றிதழைப்போலப் பதிப்பித்தார். அது அறிமுகமான இடமும் கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சி. சந்தைக் கணக்கில் பார்த்தால் குழுவின் திருப்புமுனை 1995தான். ஆனால் அந்தத் திருப்புமுனை சாத்தியமாவதற்கான மொழி 1977இல் திறக்கப்பட்டுவிட்டது. 'திருப்புமுனைத் தொகுப்பு' என்ற சொல்லை விற்பனையோடு மட்டும் பிணைத்தால், இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையேயான பதினெட்டு ஆண்டுகளை விளக்க வழியே இராது.

அத்தொகுப்பில் இடம்பெற்ற ஒரு பாடலின் மெட்டைத் தழுவியே 2006இல் 'கேங்ஸ்டர்' என்ற இந்தித் திரைப்படத்தில் 'பீகி பீகி' என்ற பாடல் அமைந்தது. வங்கதேசப் பாடகர் ஜேம்ஸ் பாடிய அது நாடெங்கும் ஒலித்தது. கௌதம் 1999லேயே மறைந்துவிட்டார். உலகம் சுருங்கிக்கொண்டே வருவதையும் மனிதர் ஒருவரைவிட்டு ஒருவர் விலகுவதையும் பேசிய வங்கப் பாடல், இந்தியில் காதற் பிரிவின் மழைப்பாட்டாகிவிட்டது. மெட்டு பயணம் செய்தது. சொல் கரையிலேயே நின்றுவிட்டது. எது எளிதில் இடம்பெயர்கிறதோ அதுதான் இசையின் சாரம் என்று கொள்பவர்களுக்கு இது வெற்றிக்கதை. இக்குழுவின் சாதனை சொல்லில் இருந்தது என்று ஏற்பவர்களுக்கு இது ஓர் இழப்பு.

எதிர்வாதம் ஒன்றும் உண்டு. அறியாத ஒன்றை அறிந்த ஒன்றைக் கொண்டு அறிமுகம் செய்வது இயல்பானது. ஒரு மாணவர் பிங்க் ஃபிளாய்டின் வழியாக இக்குழுவிடம் வந்துசேர்ந்தால் அதில் என்ன தவறு என்று கேட்கலாம். வாயிலாக இருக்கும்வரை தவறில்லை. குழுவினரும் மேற்கின் இசையைக் காதலித்தவர்கள்தாம். தங்கள் பாடலிலேயே அதை மறைக்காமல் அறிவித்தவர்கள். ஆனால் அந்தப் பாராட்டு ஒருபோதும் எதிர்த்திசையில் பயணிப்பதில்லை. லண்டனின் எந்தக் குழுவையும் எவரும் 'இங்கிலாந்தின் மொஹினேர் கோடாகுலி' என்று அழைப்பதில்லை. அளவுகோல் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது; அளக்கப்படுவோர் மட்டும் மாறுகின்றனர். ஒப்பீட்டாய்வு என்ற பெயரில் இந்தப் படிநிலையை ஆய்வேடுகளும் சுமந்து செல்வது வருந்தத்தக்கது.

தமிழ்ச் சூழலுக்கு இது தொலைவான செய்தியன்று. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', வடசென்னையின் கானாவையும் ராக்கையும் ராப்பையும் இணைத்தது. இசையமைப்பாளர் தென்மாவும் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் உருவாக்கிய குழு அது. சென்னைத் துறைமுகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டி வாழும் உழைக்கும் மக்களின் இழவுவீட்டுப் பாட்டாகவும் தெருப்பாட்டாகவும் ஒதுக்கப்பட்டிருந்த கானா, அம்மேடையில் தனக்கு மறுக்கப்பட்ட இடத்தை எடுத்துக்கொண்டது. அங்கே உடைந்ததும் ஒரு பயன்பாட்டுக் களத்தின் வேலிதான். கொல்கத்தாவில் வேலி ஆங்கிலத்துக்கும் வங்கமொழிக்கும் இடையே இருந்தது. சென்னையில் அது ஒரே மொழியின் இரு வழக்குகளுக்கு இடையே, சாதியின் பெயரால் எழுப்பப்பட்டிருந்தது. இக்குழுவையும் எந்த மேலைக் குழுவைப் போன்றது என்று தேடத் தொடங்கினால் அந்த வேலி கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடும்.

இந்திய மொழிகளில் ராக் இசையை ஆராய முன்வரும் மாணவர்கள் மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கலாம். அந்த இசை வருவதற்குமுன் அந்நகரில் எந்த மொழிக்கு எந்தக் கருவி ஒதுக்கப்பட்டிருந்தது? அந்த ஒதுக்கீட்டைப் பாடலின் எந்தச் சொல், எந்த ஈறு, எந்த யாப்பு மீறியது? அந்த மீறலைக் கேட்க மறுத்தவர்கள் யார், பின்னர் கேட்கத் தொடங்கியவர்கள் யார்? இம்மூன்றுக்கும் விடை தேடியபின், விருப்பமிருந்தால் பிங்க் ஃபிளாய்டோடு ஒப்பிடலாம். அப்போது அந்த ஒப்பீடு, 1977இல் கொல்கத்தாவில் நிகழ்ந்ததன் அளவைக் குறைக்காது.